ஒரு சக்கரம் குட்டை

"சாவி இருக்கு, பீரோ இல்ல. உலகத்துல எந்தத் துப்பறியிற ஆபீசுக்கும் இப்படி ஒரு கேஸ் வந்திருக்காதுக்கா!"

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டே அஹமது கபீர் இதை நாலாவது தடவையாகச் சொன்னான். பின்சீட்டிலிருந்து இறங்கிய நீலாம்பாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தஞ்சாவூரில் பதினெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவள் அவள். வக்கீலைவிடத் தனக்கு மூளை ஜாஸ்தி என்று தெரிந்துபோன அன்றைக்கே வேலையை உதறிவிட்டு, கீழராஜ வீதியில் ஒரு கடிகாரக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். பினாங்குக்குப் பிழைக்கப் போய் வாயால் கெட்டு ஊர் திரும்பிய கபீர், அவளுக்கு ஒரே உதவியாளன், ஒரே டிரைவர், ஒரே தலைவலி.

கேஸ் இதுதான். குடவாசலில் குத்தகை விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு சின்ன ஆபீஸ். போன ஞாயிற்றுக்கிழமை, மந்திரி கூட்டத்துக்கு ஊரே கொடியும் கையுமாகப் போயிருந்த மத்தியான நேரத்தில், ஆபீசில் இருந்த இரும்பு பீரோவை யாரோ முழுசாக உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தரங்கம்பாடியில் ஒரு ஆஸ்பத்திரி ஏலம் விட்டபோது சங்கத்தார் எடுத்து வந்த மருந்து பீரோ அது. பூட்டை லேசில் உடைக்க முடியாது. ஆனால் காலில் நாலு சக்கரம் இருந்ததே, திருடனுக்கு அது போதாதா? ஒலிபெருக்கி அலறிய அலறலில் பீரோ கடகடத்துப் போன சத்தம் யார் காதிலும் விழவில்லை.

பீரோவுக்குள் நாற்பத்திரண்டு குத்தகைச் சீட்டுகள். அதில் ஒன்று கண்ணாத்தாளுடையது. ஆறு மா நிலத்துக்கு, அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது பண்ணையார் தன் கைப்பட எழுதிக் கொடுத்தது. இப்போது அதே பண்ணையார், "சீட்டா? எந்தச் சீட்டு? அவ என் வயல்ல கூலிக்கு நட்டவ" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விட்டார். இன்றைக்கு மூன்று மணிக்குக் குடவாசல் பயணியர் விடுதியில் குத்தகைப் பதிவு அதிகாரியின் முகாம். சீட்டைக் காட்டினால் புதுச் சட்டப்படி பேர் ஏறும். காட்டாவிட்டால் தை அறுப்போடு கண்ணாத்தாள் அந்த வரப்பைவிட்டு இறங்க வேண்டியதுதான்.

விடிவதற்குள் முதல் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்து, சங்கத்துச் சாவியை மேஜைமேல் வைத்து, "மூணு மணிக்குள்ள ஆப்பட்டுருமாம்மா?" என்று கேட்டாள் அவள். "ஆப்பட்டுரும்" என்று சொல்லிவிட்டாள் நீலாம்பாள். கபீர் அப்போதே ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க ஓடினான்.

இருந்த துப்பு ஒன்றே ஒன்று. பீரோ வாசற்படி இறங்கும்போது ஒரு சக்கரம் கழுத்து முறிந்து சாக்கடையில் விழுந்திருந்தது. அதைக் கழுவி, பழைய பேப்பரில் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"மிச்சம் மூணையும் கழட்டிட்டு வெறுந்தரையில நிறுத்திட்டுப் போறான். இதுக்குப்போய் புதுச் சக்கரம் வாங்குவானாக்கா?"

"சக்கரம் வச்ச பீரோ இந்த ஜில்லாவுல எத்தனை வீட்ல இருக்கு? அந்தப் பெருமையை விட மனசு வராது. ஒத்தைச் சக்கரம் வாங்குவான். உள்ளூர்ல வாங்க மாட்டான். நட."

இப்ராஹிம் பாயின் இரும்புக் கடையில் கீல், கொண்டி, தாழ்ப்பாள் எல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பாய் முறிந்த சக்கரத்தைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இது நாலு அங்குலம், ரப்பர் போட்டது. நல்ல சாமான்மா. ஆனா சக்கரம் வாங்க வர்றவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேரு தப்பா வாங்கிட்டுத்தான் போறாங்க."

"சக்கரத்துல என்ன பாய் தப்பு? உருண்டையா இருந்தா சரிதானே?" என்றான் கபீர்.

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "உருண்டையா? தம்பி, உன் தலைகூட உருண்டையாத்தான் இருக்கு, அதுல வண்டி ஓடுமா? கேட்டுக்க. மொதல்ல குறுக்களவு, இந்த விளிம்புலேருந்து அந்த விளிம்பு. அப்பறம் மேல இருக்கிற தகடு, அதோட நீள அகலம். தகட்டுல நாலு ஓட்டை, ஓட்டை நடுவுலேருந்து அடுத்த ஓட்டை நடு வரைக்கும் எவ்வளவு. இதெல்லாத்துக்கும் மேல ஒண்ணு. தரையிலேருந்து தகடு வரைக்கும் மொத்த ஒசரம். அதுல காலங்குலம் பிசகினாலும் சாமான் நொண்டும். எடையையும் சொல்லணும். எடையை நாலால வகுக்கக் கூடாது, மூணால வகுக்கணும்."

"நாலு சக்கரத்துக்கு ஏன் பாய் மூணால?"

"எந்த வீட்டுத் தரை சமமா இருக்கு? எப்பவும் ஒரு சக்கரம் அந்தரத்துல சும்மா நிக்கும். மூணுதான் தாங்கும்."

"எங்க ஆபீசுலயும் அப்படித்தான்" என்றான் கபீர். "அக்கா ஒண்ணு, நான் ஒண்ணு, ஸ்கூட்டர் ஒண்ணு. சும்மா நிக்கிறது எங்களுக்கு வரவேண்டிய பீசு."

நீலாம்பாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "இந்த நாலு நாள்ல ஒத்தைச் சக்கரம் யாராவது வாங்கினாங்களா பாய்? எல்லாரும் நாலு நாலாத்தானே வாங்குவாங்க?"

"ரெண்டு பேரு வாங்கினாங்க. திங்கக்கிழமை பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஹபீபுன்னிசா, நாலு அங்குலம் ஒண்ணு. செவ்வாக்கிழமை ஒரு ஆளு, வெளியூரு. கையில கல்யாணப் பத்திரிகைக் கட்டு. மூணு அங்குலம் ஒண்ணு."

"மூணா?" கபீர் முகம் தொங்கிப்போயிற்று. "நம்மளது நாலு. அப்ப அவன் இல்ல."

"சாம்பிள் கொண்டாந்தானா?" என்றாள் நீலாம்பாள்.

"இல்லம்மா. வேட்டி மடியிலேருந்து ஒரு சணல் கயிறை எடுத்தான். நாலா மடிச்சு என் ஸ்கேல் மேல வச்சு, மூணும் கொசுறும் வருது, மூணு குடுன்னான். மொத்த ஒசரம் எவ்வளவுன்னு கேட்டேன். முப்பது வருசமா அளக்கிறவன்யா, எனக்கா சொல்லித் தர்றேன்னு எரிஞ்சு விழுந்தான். எனக்கென்ன, குடுத்துட்டேன்."

நாலு அங்குலம் வாங்கிய நர்ஸம்மாவைப் பார்க்கப் புறப்பட்டார்கள். பிரசவ வார்டுக்குள் 'மேஜர் திருட்டு விசாரணை' என்று சொல்லிக்கொண்டே நுழைந்த கபீரை, ஆயா துடைப்பத்தோடு வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். நீலாம்பாளை மட்டும் உள்ளே விட்டார்கள். அங்கே குழந்தை எடை போடும் தராசு வண்டிக்கு நாலு அங்குலப் புதுச் சக்கரம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஹபீபுன்னிசா மொத்த உயரம் வரை அளந்து எழுதிக்கொண்டு போய் வாங்கியவள். திருட்டுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்த கபீர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். மணி ஒன்றரை. நீலாம்பாளோ நகராமல் நின்றுகொண்டிருந்தாள். ஹபீபுன்னிசா அன்றைக்குப் பிறந்த ஒரு சிசுவின் தலையைச் சுற்றி டேப்பை ஓட்டி, "பதிமூணரை" என்று சொல்லி எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, சுத்தி அளக்கிறீங்க?"

"தலையை வேற எப்படிங்க அளக்கிறது? குறுக்கயா அளக்க முடியும்?"

நீலாம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தாள். மருந்துப் பொட்டலம் கட்டிய நூலைப் பெஞ்சிலிருந்து பிடுங்கினாள். "கபீரு, அந்தச் சக்கரத்தை எடு!"

ஸ்கூட்டர் சீட்டின்மேல் முறிந்த சக்கரத்தை வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, முனை தொட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். அந்த நூலை இரண்டாக மடித்தாள். மறுபடி இரண்டாக மடித்தாள். பையிலிருந்த அடிக்கோலில் வைத்தாள்.

"படி."

"மூணு..." கபீர் குனிந்து பார்த்தான். "மூணும் கொசுறும். யா அல்லா! நாலு அங்குலச் சக்கரம் மூணு அங்குலமா சுருங்கிப்போச்சே!"

"உருண்டையா ஒரு பொருளைப் பார்த்ததும் கயிறைச் சுத்தி, நாலா மடிச்சு, அதான் அளவுன்னு சாதிக்கிறவன் எவன்? முப்பது வருசமா அப்படி அளக்கிறவன்?"

கபீர் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். "மரவாடிக்காரன்! எங்க வாப்பா வீடு கட்டுறப்ப பாத்திருக்கேன். தேக்குத் தடியைச் சுத்திக் கயிறு போட்டு, நாலா மடிச்சுத்தான் அளப்பான்!"

"தடியை அளக்கிற மாதிரி சக்கரத்தையும் அளந்திருக்கான் மகராசன். கையில கல்யாணப் பத்திரிகை. குடவாசல்ல எத்தனை மரவாடி?"

"ரெண்டு."

"வண்டியை எடு!"

நாச்சியார்கோவில் தாண்டி வாய்க்கால் ஓரமாக ஸ்கூட்டர் பறந்தது. இரண்டு பக்கமும் சம்பா நாற்றங்கால் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது. குடவாசலில் முதல் மரவாடியில் வாள் சத்தம் கேட்டது. இரண்டாவது மரவாடி பூட்டியிருந்தது. கதவில் சாக்பீஸ் எழுத்து: 'உரிமையாளர் இளையபெருமாள் இல்லத் திருமணம். இன்று விடுமுறை.'

"பத்திரிகை இல்லாமலே போறோம்" என்றான் கபீர். "பந்தி எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டு வைக்கவாக்கா?"

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் சீர்வரிசை. குத்துவிளக்கு, குடம், அண்டா, பாய், தலையணை, நடுவே ரோஸ் கலர் பெயிண்டில் பளபளவென்று ஒரு பீரோ. பெயிண்ட் வாசனை சாம்பார் வாசனையையே அமுக்கிவிட்டது. பீரோ ஒரு மூலையில் லேசாகத் தலை சாய்த்து நின்றது.

"அது ஏன் அப்படி நிக்குது?" என்று கிசுகிசுத்தாள் நீலாம்பாள்.

"கல்யாண வீடில்லையா, வெக்கம்" என்றான் கபீர். அவன் கைக்குட்டையைக் கீழே போட்டு, எடுப்பதுபோலக் குனிந்தான். மூன்று கால்களில் சாம்பல் நிறப் பழைய சக்கரங்கள். நாலாவது காலில் புத்தம் புதுக் கறுப்புச் சக்கரம், மற்றதைவிட ஒரு அங்குலம் குட்டை. அதற்கு அடியில் முட்டுக்கொடுத்த ஒரு தேக்குச் சில்லு. மரவாடிக்காரன் கைவேலை!

கபீர் நிமிர்வதற்குள் அங்கே ஒரு சண்டை ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளையின் தாயார் பொன்னுத்தாய் பீரோக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவி எங்க சம்பந்தி? பட்டுப் புடவையெல்லாம் வெளியில கெடக்குது."

பெண்ணைப் பெற்ற இளையபெருமாள் பட்டு வேட்டியில் வியர்த்து வடிந்தார். "சாவி மறுவீட்டு அன்னிக்குத்தாங்க தருவோம். எங்க வழக்கம் அப்படி."

"எந்த வழக்கம்? உங்க அக்கா கல்யாணத்துல நான்தானே பந்தி பரிமாறினேன். அப்ப இல்லாத வழக்கம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"அவசரப்படாத புள்ள" என்று மனைவியை அடக்கப் பார்த்தார் மாப்பிள்ளையின் தகப்பனார் வீரையன். அவர் முகத்தில் கல்யாணக் களையே இல்லை. நாலு நாளாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"எங்கிட்ட ஒரு சாவி இருக்கு" என்றாள் நீலாம்பாள். "போட்டுப் பாக்கலாமாங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். இளையபெருமாளுக்கு மட்டும் முகம் வெளிறிப்போயிற்று.

"நீங்க யாரும்மா? பொண்ணு வீட்டுப் பக்கமா?" என்றாள் பொன்னுத்தாய்.

"பீரோ வீட்டுப் பக்கம்" என்றான் கபீர்.

சாவி உள்ளே போனது. ஒரு திருகு. பீரோ சாய்ந்து நின்றதால் கதவு தானாகவே அகலத் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து சங்கத்துக் கொடிகள் சரிந்தன. ஒரு தகர ஊதுகுழல் உருண்டு வந்து நாதஸ்வரக்காரர் காலடியில் நின்றது. 'உழுபவன் உரிமை காப்போம்' என்று எழுதிய துணி, அண்டாவின்மேல் போர்த்திக்கொண்டது. ஜனங்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மேல்தட்டில் சிவப்பு நாடா கட்டிய சீட்டுக் கட்டு அப்படியே இருந்தது. நீலாம்பாள் அவிழ்த்து, கண்ணாத்தாள் பேரைத் தேடி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூன்றாவது சீட்டில், மண்டப வாசல் பலகையில் பார்த்த பேரைக் கண்டு அவள் கை நின்றது. அதை உரக்கவே படித்தாள்.

"எட்டு மா நிலம். குத்தகைதாரர் வீரையன்..."

வீரையன் தோளிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "அது என் சீட்டும்மா!" என்று கத்தியேவிட்டார் மனிதர். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நாலு நாளா சோறு எறங்கலம்மா எனக்கு. இன்னிக்கு முகாமு, சீட்டு இல்ல, இங்க மவன் கல்யாணம். யார்கிட்ட சொல்லி அழ? சம்பந்தி பண்ணையாரு மனுஷன். நான் சங்கத்துல இருக்கேன்னு தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சிரும்னு வாயைத் தொறக்கல."

கபீருக்குத் தலை சுற்றியது. தன் மகள் வாழப்போகிற வீட்டின் நிலத்தையே திருடி, ரோஸ் பெயிண்ட் அடித்து, அந்த வீட்டுக்கே சீராகக் கொடுத்திருக்கிறார் இந்த மனிதர்! அதுவும் தெரியாமலே!

இளையபெருமாள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "பண்ணையாரு ஆத்துல தள்ளிடச் சொன்னாருங்க. மரம் வெட்ட எனக்கு அவரு தோப்புதான் கதி, மாட்டேன்னு சொல்ல முடியல. ஆனா தள்ளவும் மனசு வரல. சீமை பீரோ... உருட்டினா உருளுது... பொண்ணுக்கு ஆசையாக் குடுக்கலாம்னு... பூட்டுக்காரனைக் கூப்பிட்டா உள்ள இருக்கிறதைப் பார்த்துருவான்னு அப்படியே வச்சிருந்தேன். சம்பந்தி சீட்டு உள்ள இருக்குதுன்னு சத்தியமாத் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா அந்த ஒண்ணை மட்டும் எடுத்து வச்சிட்டு மிச்சத்தை ஆத்துல விட்டிருப்பீங்களாப்பா?"

கேட்டது மணப்பெண் நாகம்மாள். மாலையோடு மேடையை விட்டு இறங்கி வந்திருந்தாள். இளையபெருமாள் வேட்டி நுனியால் வியர்வையைத் துடைத்தார்.

"நாளைக்கு நான் அந்த எட்டு மாவுல நாத்துப் பறிக்கப் போறவ. பக்கத்து வயக்காரி மூஞ்சில நான் முழிக்கணுமா வேணாமா? எழுந்திரிங்க. மூணு மணிக்கு முகாமாம்ல? வந்து உள்ளதைச் சொல்லுங்க."

"பண்ணையாரு இருப்பாரும்மா அங்க..."

"நானும் இருப்பேன்" என்றாள் நாகம்மாள்.

நீலாம்பாள் மணியைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. பொன்னுத்தாய் அதற்குள் சேலையை வரிந்து கட்டிவிட்டாள். "என்னடா வேடிக்கை? தள்ளுங்கடா பீரோவை! சோறு தின்னவன் எல்லாம் வா!"

குடவாசல் அப்படி ஒரு ஊர்வலத்தைப் பார்த்திருக்காது. நொண்டி நொண்டி உருளும் ரோஸ் பீரோ, அதைத் தள்ளும் மாப்பிள்ளை வீட்டார், முன்னால் வழி விலக்கும் கபீர், பின்னால் மாலையும் கழுத்துமாய்ப் பெண்ணும் மாப்பிள்ளையும். சாயங்காலம்வரை வாசிக்கக் கூலி பேசியிருந்த மேளக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை; அவர்களும் வாசித்துக்கொண்டே கூட வந்துவிட்டார்கள்.

பயணியர் விடுதி வராந்தாவில் கண்ணாத்தாள் தூணோடு தூணாய் நின்றிருந்தாள். உள்ளே பண்ணையார் நாற்காலியில், பக்கத்தில் அவருடைய வக்கீல். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து அவள் மனுவைத் தள்ளி வைக்கப் போன நேரத்தில் நாதஸ்வரம் வாசலுக்கு வந்தது.

நீலாம்பாள் கண்ணாத்தாளின் சீட்டை மேஜைமேல் வைத்தாள். அதிகாரி ஒரு தடவை படித்தார். வக்கீல் எழுந்தார்.

"ஆட்சேபணை. இது நாலு நாளா காணாமப் போயிருந்ததுன்னு அவங்களே புகார் எழுதிக் கொடுத்திருக்காங்க. இந்த நாலு நாள்ல புதுசா எழுதிச் சேர்க்கலைன்னு என்ன நிச்சயம்?"

அதிகாரி யோசித்தார். "கேள்வி சரிதான். இது இத்தனை நாளா யார்கிட்ட இருந்தது?"

பண்ணையார் திரும்பி, கூட்டத்தில் நின்ற இளையபெருமாளை ஒரு பார்வை பார்த்தார். இளையபெருமாள் மகளைப் பார்த்தார்.

"எங்கிட்ட இருந்துச்சுங்க" என்றார். "பூட்டின பூட்டு பூட்டினபடியே. எடுத்தவன் நான். எடுக்கச் சொன்னவரு இதோ, நாக்காலியில உக்காந்திருக்காரு."

வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். அதிகாரி பண்ணையாரின் எதிர்மனுவில் இருந்த கையெழுத்தையும் சீட்டில் இருந்த கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். பண்ணையார் செருப்பைத் தேடினார்.

"பேர் ஏத்துய்யா" என்றார் அதிகாரி.

குமாஸ்தா ரிஜிஸ்டரை இழுத்தான். "பேரு?"

"கண்ணாத்தாள்."

ஊரையும் கேட்டு எழுதினான். அடுத்த கட்டத்துக்கு அவன் கேட்கவே இல்லை. அவள் சேலையையும் காலில் காய்ந்திருந்த சேற்றையும் பார்த்துவிட்டுத் தானாகவே எழுதினான்.

"என்ன எழுதினீங்க?" என்றாள் கண்ணாத்தாள்.

"தொழில். கூலின்னு போட்டிருக்கேன்."

கபீர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீலாம்பாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கண்ணாத்தாள் மேஜைக்குக் கிட்டே வந்தாள். சேற்று விரலை அந்த எழுத்தின்மேல் வைத்தாள்.

"அதை அடிங்க. சாகுபடின்னு எழுதுங்க."